துடுப்பும் பொன்னும்: சலாமிஸ் முதல் மன்னரின் சமாதானம் வரை

சங்க இலக்கிய வகுப்புகளில் 'யவனர்' என்ற சொல் எதிர்ப்படும்போதெல்லாம் 'கிரேக்கரும் உரோமரும்' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது எம்மைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். முல்லைப்பாட்டில் பாசறையைக் காவல் காக்கும் யவனரைப் பற்றி ஒருமுறை அப்படி நகர முற்பட்டபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கிரேக்கர்கள் தங்களை யவனர் என்றா அழைத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டாள்.

இல்லை. அவர்கள் தங்களை ஹெல்லேனியர் என்றே அழைத்துக்கொண்டனர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலும் அதை அடுத்த தீவுகளிலும் வாழ்ந்த கிரேக்கரில் ஒரு பிரிவினர் அயோனியர். பாரசீகர் தம் எல்லையில் முதலில் கண்ட கிரேக்கர் இவர்களே என்பதால் கிரேக்கர் அனைவரையும் 'யௌனா' என்று குறித்தனர். முதலாம் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் அப்பெயர் இருக்கிறது. அதுவே வடமொழியில் யவனர் என்றும் பாலியில் யோனர் என்றும் வழங்கித் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. ஓர் இனம் முழுவதற்கும் கீழைத் தேசங்களில் பெயரைக் கொடுத்தவர்கள் கடலோரத்துச் சிறு நகரத்து மக்கள். அம்மக்களுக்குத் தாயகத்துக் கிரேக்கர் செய்த கைம்மாறு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு நாடகத்திற்கு அபராதம்

கி.மு. 499-இல் மிலேட்டஸ் நகரின் தலைமையில் அயோனிய நகரங்கள் பாரசீக ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து தாயகத்திடம் உதவி கேட்டன. ஸ்பார்ட்டா மறுத்துவிட்டது. ஏதென்ஸ் இருபது கப்பல்களையும் எரெட்ரியா ஐந்து கப்பல்களையும் அனுப்பின. வந்தவர்கள் சார்டிஸ் நகரம் தீக்கிரையாவதில் பங்கேற்றார்கள்; பின்னர் தோல்வி ஒன்றைச் சந்தித்ததும் ஏதென்ஸ் தன் கப்பல்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. தனித்து விடப்பட்ட மிலேட்டஸ் கி.மு. 494-இல் வீழ்ந்தது.

இதன்பின் நிகழ்ந்த ஒன்றை ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். ஃபிரினிக்கஸ் என்னும் நாடகாசிரியர் மிலேட்டஸின் வீழ்ச்சியை ஏதென்ஸ் அரங்கில் நாடகமாக்கினார். கூடியிருந்தோர் அனைவரும் அழுதனர். அதன்பின் அவருக்கு ஆயிரம் திராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்றும் ஆணையிட்டனர். தம் சொந்தத் துயரை நினைவூட்டினார் என்பதே குற்றச்சாட்டு. அந்த அழுகையில் பரிவு எவ்வளவு, பாதியில் கைவிட்டு வந்த குற்றவுணர்வு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. நாடகம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தண்டனை பற்றிய செய்தி மட்டும் எஞ்சியிருக்கிறது.

காவலர் தலைவரான கதை

மாரத்தானும் (கி.மு. 490) சலாமிஸும் (கி.மு. 480) நன்கு அறியப்பட்டவை என்பதால் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். லாரியன் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்காமல் கப்பல் கட்டச் செலவிட வேண்டும் என்று தெமிஸ்டோக்ளிஸ் வாதிட்டு வென்றதால்தான் சலாமிஸில் ஏதென்ஸுக்குக் கடற்படை என ஒன்று இருந்தது. அக்கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் நிலமோ கவசமோ இல்லாத ஏழைகள். எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகத்தை அரங்கேற்றினார். தோற்ற பகைவரின் அரண்மனையைக் களமாகக் கொண்டு, அவர்கள் துயரத்தின் வழியே வெற்றியைச் சொன்ன படைப்பு அது. இம்முறை எவரும் அபராதம் விதிக்கவில்லை, முதற்பரிசே கிடைத்தது.

கி.மு. 479-இல் மிக்காலே போரில் பாரசீகர் தோற்றதும் அயோனியா விடுதலை பெற்றது. இனி அதை யார் காப்பது என்ற கேள்வி எழுந்தது. காலமெல்லாம் காவல் நிற்க இயலாது, ஆகையால் அயோனியரைத் தாயகத்துக்கே அழைத்து வந்து, பாரசீகரோடு சேர்ந்த கிரேக்கரின் இடங்களில் குடியமர்த்திவிடலாம் என்று பெலொப்பொனீசியர் கருதினர். எம் குடியேற்றங்களைப் பற்றி முடிவு செய்ய நீங்கள் யார் என்று ஏதென்ஸ் எதிர்த்தது. காவல் பொறுப்பு ஏதென்ஸிடம் வந்தது.

அதிலிருந்து பிறந்ததே டெலோஸ் கூட்டணி. உறுப்பு நகரங்கள் கப்பல் தந்தன அல்லது பணம் தந்தன. தொடக்கத் தொகை 460 தாலந்து என்கிறார் துசிடிடீஸ். நாளடைவில் கப்பல் தந்தவர்கள் குறைந்து பணம் தருபவர்கள் பெருகினர். பணம் ஏதென்ஸின் கப்பலாயிற்று. விலக முயன்ற நக்சோஸை அடக்க அந்தக் கப்பலே சென்றது. கி.மு. 454-இல் கூட்டணியின் கருவூலம் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு இடம் மாறியது. கி.மு. 440-இல் அயோனியத் தீவான சாமோஸ் முரண்பட்டபோது பெரிக்ளிஸே படை நடத்திச் சென்று, ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் அதைப் பணிய வைத்தார். பாரசீகரிடமிருந்து காக்க வந்தவர்கள் திறை பெறும் தலைவர்களாகிவிட்டனர்.

ஓர் ஓபல் கூடுதல் கூலி

கி.மு. 431-இல் பெலொப்பொனீசியப் போர் மூண்டபோது கிரேக்கரை ஏதென்ஸிடமிருந்து விடுவிப்பதே தன் நோக்கம் என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. ஆனால் ஸ்பார்ட்டாவின் வலிமை தரைப்படை. ஏதென்ஸின் உயிர்நாடி கடலில் இருந்தது. கி.மு. 413-இல் சிசிலியில் ஏதென்ஸின் பெரும்படை அழிந்த பிறகுதான் கடலில் அதை வெல்லும் வாய்ப்பு வந்தது. அதற்குப் பணம் வேண்டும்.

எவ்வளவு பணம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ட்ரைரீம் எனப்படும் மூவரிசைத் துடுப்புக் கப்பலில் ஏறத்தாழ 200 பேர். அவர்களுள் 170 பேர் துடுப்பு வலிப்போர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்றால் முப்பது நாளுக்கு 6000 திராக்மா. அதுவே ஒரு தாலந்து. நூறு கப்பல்களை ஒரு மாதம் கடலில் நிறுத்த நூறு தாலந்து வேண்டும். டெலோஸ் கூட்டணியின் முதலாண்டுத் தொகை முழுவதும் ஐந்து மாதத்திற்குக்கூடப் போதாது. பொன்னும் வெள்ளியும் புழக்கத்தில் இல்லாத ஸ்பார்ட்டாவால் இது இயலுமா? அது பாரசீகத்தை நாடியது.

கி.மு. 412-411-இல் ஸ்பார்ட்டாவும் பாரசீகமும் அடுத்தடுத்துச் செய்துகொண்ட மூன்று உடன்படிக்கைகளைத் துசிடிடீஸ் தருகிறார். மன்னரும் அவர் முன்னோரும் ஆண்ட நிலமெல்லாம் மன்னருக்கே உரியது என்கிறது முதல் உடன்படிக்கை. லிக்காஸ் என்னும் ஸ்பார்ட்டர் இதைப் படித்துவிட்டுச் சினந்தார். இதன்படி பார்த்தால் தீவுகளும் தெசலியும் போயோட்டியா வரையிலான நிலமும் மீண்டும் அடிமையாகும்; கிரேக்கருக்கு விடுதலைக்குப் பதிலாகப் பாரசீக ஆட்சியையா கொண்டுவந்து தருகிறோம் என்பது அவர் கேள்வி. அதன்பின் வாசகம் திருத்தப்பட்டது. மூன்றாம் உடன்படிக்கை ஆசியாவிலுள்ள மன்னரின் நிலம் மன்னருக்கே என்றது. ஆசியா என்றால் அயோனியாவும் அதில் அடக்கம்.

அப்போது ஏதென்ஸிலிருந்தும் ஸ்பார்ட்டாவிலிருந்தும் விலகி நின்ற அல்சிபியாடீஸ், பாரசீக ஆளுநர் டிஸ்ஸஃபெர்னீஸுக்கு அறிவுரை சொன்னார். எந்தப் பக்கமும் முழுதாக வெல்ல விடாதீர்கள், இருவரும் மோதித் தேயட்டும், கூலியையும் ஒரு திராக்மாவிலிருந்து மூன்று ஓபலாகக் குறையுங்கள் என்றார். ஆறு ஓபல் சேர்ந்தது ஒரு திராக்மா. ஆகவே இது அரைக் கூலி. ஒரு கிரேக்கர் பாரசீகருக்குக் கற்றுத்தந்த இந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவே இல்லை.

கி.மு. 407-இல் பாரசீக இளவரசர் சைரஸ் கடற்கரைக்கு வந்தபின் நிலைமை மாறியது. ஸ்பார்ட்டக் கடற்படைத் தலைவர் லைசாண்டருக்கு அவர் விருந்தளித்து, உமக்கு நான் என்ன செய்தால் மகிழ்வீர் என்று கேட்டார். மாலுமிகளின் நாட்கூலியில் ஓர் ஓபல் கூட்டித் தாருங்கள் என்றார் லைசாண்டர். மூன்று ஓபல் நான்காயிற்று. விருந்தில் கேட்ட இந்தச் சிறு காசை ஏதென்ஸாரால் எளிதில் ஈடுகட்ட இயலவில்லை. கூலிக்குத் துடுப்பு வலித்தவன் கூலி கூடிய பக்கம் போவதில் வியப்பில்லை.

கி.மு. 405-இல் ஈகோஸ்பொட்டாமியில் ஏதென்ஸின் கடற்படை ஏறத்தாழ முழுவதும் பிடிபட்டது. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் சரணடைந்தது. குழலூதும் பெண்கள் இசைக்க, கிரேக்கத்தின் விடுதலை இன்றே தொடங்குகிறது என்ற எண்ணத்தோடு மதில்களை இடித்தார்கள் என்று செனஃபன் எழுதுகிறார்.

அதே மதில், அதே பொன்

இதற்குப் பின் நடந்ததுதான் இந்த வரலாற்றின் உச்சம். சைரஸ் தன் தமையனுக்கு எதிராகப் படையெடுத்துக் கி.மு. 401-இல் குனாக்சாவில் மாண்டார். அவரை ஆதரித்த ஸ்பார்ட்டா இப்போது மன்னருக்குப் பகை. கி.மு. 396-இல் ஸ்பார்ட்ட அரசர் அகெசிலாவுஸ் ஆசியக் கிரேக்கரை விடுவிக்கப் படையோடு கடல் கடந்தார். பாரசீகர் பழைய பாடத்தை நினைவுகூர்ந்தனர். ரோட்ஸ் தீவினரான டிமொகிராட்டீஸ் என்பவரிடம் 50 தாலந்து மதிப்புள்ள பணத்தைக் கொடுத்துத் தீப்ஸ், கொரிந்து, ஆர்கோஸ் நகரத் தலைவர்களிடம் அனுப்பினர். தாயகத்தில் போர் வெடித்தது. அகெசிலாவுஸ் திரும்பி அழைக்கப்பட்டார். பாரசீகப் பொற்காசில் வில்லேந்திய உருவம் இருக்கும். ஆயிரக்கணக்கான வில்லாளிகள் என்னை ஆசியாவிலிருந்து விரட்டிவிட்டனர் என்று அவர் கசந்து சொன்னதாகப் புளூட்டார்க் குறிக்கிறார்.

எல்லாப் பழியையும் பொன்னின் மேல் போடுவதும் சரியன்று. ஸ்பார்ட்டாவின் ஆதிக்கத்தின் மேல் அந்நகரங்களுக்கு ஏற்கெனவே வெறுப்பு முற்றியிருந்தது. பொன் அந்தப் பகையைப் படைக்கவில்லை. இருந்த பகைக்குச் செலவு செய்தது.

ஈகோஸ்பொட்டாமியில் தப்பிய ஏதென்ஸ் தளபதி கோனன் சைப்ரஸில் அடைக்கலம் புகுந்து, பின்னர் பாரசீகப் பணியில் சேர்ந்திருந்தார். கி.மு. 394-இல் கினிடஸ் அருகே ஃபர்னபாசஸுடன் பாரசீகக் கப்பற்படையை நடத்தி ஸ்பார்ட்டாவின் கடற்படையை அவர் அழித்தார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் திரும்பி, பாரசீகப் பணத்தைக் கொண்டு மதில்களை மீண்டும் எழுப்பினார். கி.மு. 404-இல் அம்மதில்களை இடிக்க வழி செய்த கடற்படையும் பாரசீகப் பணத்தில் மிதந்ததுதான். பதினோர் ஆண்டு இடைவெளியில் ஒரே கருவூலம் ஒரே மதிலை இடிக்கவும் கட்டவும் கொடுத்தது.

ஏதென்ஸ் மீண்டும் தலைதூக்கியதும் பாரசீகம் ஸ்பார்ட்டாவின் பக்கம் சாய்ந்தது. கி.மு. 386-இல் 'மன்னரின் சமாதானம்' நிலைபெற்றது. அதற்கு முன், கிரேக்கத் தூதர்களை வரவழைத்து, மன்னரின் முத்திரையைக் காட்டி, ஆளுநர் டிரிபாசஸ் ஓலையைப் படித்தார். ஆசியாவிலுள்ள நகரங்களும் கிளாசோமெனேயும் சைப்ரஸும் மன்னர் அர்த்தக்சர்க்சஸுக்கு உரியவை. லெம்னோஸ், இம்ப்ரோஸ், ஸ்கைரோஸ் ஆகிய மூன்றும் ஏதென்ஸுக்கு. ஏனைய கிரேக்க நகரங்கள் தன்னாட்சி பெறும். ஏற்காதவர் மீது நிலத்திலும் கடலிலும், கப்பலாலும் பணத்தாலும் மன்னர் போர் தொடுப்பார். கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சலாமிஸுக்குப் பின் ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. அங்கே துடுப்பால் தடுத்ததை இங்கே முத்திரைக்கு முன் நின்று கொடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் இசொகிராட்டீஸ் இந்த அவமானத்தைத் தம் 'பனெகிரிக்கஸ்' உரையில் கடிந்தெழுதினார். இப்படிப்பட்ட உடன்படிக்கையைக் கல்லில் பொறித்துப் பொதுக் கோயில்களில் நாட்ட நேர்ந்ததே என்பது அவர் வேதனை.

எஞ்சியது

'தன்னாட்சி' என்ற சொல்லைச் செயல்படுத்தும் உரிமை ஸ்பார்ட்டாவுக்குக் கிடைத்தது. அதன் பெயரால் போயோட்டியக் கூட்டமைப்பைக் கலைத்தது; மாண்டினேயா நகரைச் சிற்றூர்களாகப் பிரித்தது; கி.மு. 382-இல் தீப்ஸின் கோட்டையையே பிடித்தது. கி.மு. 371-இல் லூக்ட்ராவில் தீப்ஸின் எப்பமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவை வீழ்த்தினார். கி.மு. 362-இல் மாண்டினேயாவில் அவரும் வீழ்ந்தார். அப்போருக்குப் பின் கிரேக்கத்தில் குழப்பம் முன்னைவிட மிகுந்தது என்று சொல்லித் தம் நூலை முடிக்கிறார் செனஃபன். கி.மு. 338-இல் கெய்ரோனியாவில் மாசிடோனியாவின் பிலிப் அனைவருக்கும் தலைவரானார். கி.மு. 334-இல் அலெக்சாந்தர் ஆசியாவுக்குக் கடந்து வந்தபோது, பாரசீகக் காவற்படை இருந்த மிலேட்டஸை முற்றுகையிட்டே கைப்பற்ற வேண்டியிருந்தது.

ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, மாசிடோனியா ஆகிய மூன்றும் தத்தம் காலத்தில் அயோனியாவின் விடுதலையைப் போர்முழக்கமாகச் சொன்னவை. அந்த நகரத்தாரை எவரும் கேட்டு முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் முல்லைப்பாட்டு வகுப்பில் 'யவனர்' என்ற சொல் வந்தால் உடனே நகர்ந்துவிடுவதில்லை. அச்சொல்லின் அடியில் கிடக்கும் மிலேட்டஸையும், ஆயிரம் திராக்மா அபராதம் கட்டிய அந்த நாடகாசிரியரையும் பற்றிச் சில நிமிடங்கள் சொல்லிவிட்டே அடுத்த அடிக்குச் செல்கிறேன்.