விரல்படும் தூரம் – 7: குழாயில் தண்ணீர் ஓடவில்லை

சென்ற வாரம்: எழுத்தறியாதவரும் கையாளக்கூடிய கணினி ஒன்றைச் செய்து காட்டுகிறோம் என்று புறப்பட்டார்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் அவர்களுடைய தொழில்துறை நண்பர்களும். 2004-ல் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ விற்பனைக்கு வந்தது. தயாரித்துக் கொடுத்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். கருவியை லேசாகச் சாய்த்து அசைத்தால் பக்கம் புரளும் வித்தை, ஐபோன் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே அதில் இருந்தது. உலகப் பத்திரிகைகள் புகழ்ந்தன. ஐம்பதாயிரம் விற்கும் என்று போட்ட கணக்கு, 2005 வாக்கில் சுமார் நாலாயிரத்தோடு நின்றது.

இனி…

விலை அதிகம் என்றார்கள். செல்போன் மலிந்துவிட்டது என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அதே 2004-ல் இன்னொரு கருவி நாடு முழுக்க வென்றிருந்தது. அதைச் செய்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று, அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸ்!

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982-ல் கேரளத்தின் பரவூரில் சில வாக்குச்சாவடிகளில் மட்டும் சோதிக்கப்பட்ட அந்தப் பெட்டி, 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் போனது. 38 கோடிக்கும் மேலானவர்கள் அதில் வாக்களித்தார்கள். நீண்ட வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை, கையேட்டைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான், அழுத்தினால் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு ‘பீப்’. முடிந்தது வேலை.

உதயசூரியனும் இரட்டை இலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வாக்களிக்க வேண்டுமே என்று 1951–52 முதல் பொதுத் தேர்தலிலேயே படத்தை நம்பிய நாடு இது. ஆகவே, எழுத்து தெரியாதவருக்குக் கணினி செய்ய வேண்டுமா? எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தைப் போடு! இதைவிட எளிய விடை இருக்க முடியுமா?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பை உடைத்தது ஒரு தண்ணீர்க் குழாய்.

*

குழாய்க்குப் போவதற்கு முன், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனின் பின்வாசல் ஒன்றுக்குப் போய்வருவோம்.

1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு (கன்டோன்மென்ட்) இறக்கினார்கள். மதராஸ் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழரும் வந்து இறங்கினார்கள். 1898-ல் பிளேக் நகரைச் சூறையாடிய பிறகு, நெரிசலிலிருந்து விலகிக் காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன், அதை ஒட்டி ரிச்சர்ட்ஸ் டவுன். நேரான தெருக்கள், நடுவில் பூங்கா, பாட்டரி ரோட்டில் 1914-ல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி, சரிந்த ஓட்டுக்கூரை போட்ட பங்களாக்கள். முன்வாசலில் ஆங்கிலம், பின்வாசலில் தமிழ். இதுதான் தண்டின் பழைய ஒழுங்கு. பங்களாக்கள் பல அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. பின்வாசல் தமிழ் மாறவில்லை.

அந்தப் பின்வாசலில் வேலைச் செய்தி எப்படி வந்து சேரும்? ஒரு வீட்டில் ஆள் தேவை என்பது முதலில் வாட்ச்மேனுக்குத் தெரியும். அடுத்து இஸ்திரி வண்டிக்காரருக்கு. அப்புறம் தெருக்குழாயடியில் யாராவது ஒருத்தி சொல்வாள்: “யக்கா, மூணாவது மாடியில ஆள் கேக்குறாங்களாம்.” கேட்பவள் உடனே விசாரிப்பாள். பாத்திரம் மட்டுமா, பெருக்கித் துடைக்கவும் வேணுமா? வீட்டில் எத்தனை பேர்? எத்தனை மணிக்கு வரணும்? சம்பளம் என்ன? பஸ் ஏறணுமா, நடந்தே போயிடலாமா?

ஐந்து கேள்விக்கும் அந்த ஒருத்திக்குத் தெரிந்ததுதான் பதில். அவளுக்குத் தெரியாத வேலை ஊரில் இல்லாத வேலை. அடுத்த தெருவில் இதே வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது காதுக்கு எட்டவே எட்டாது. படித்தவர்கள் இணையத்தில் வேலை தேடத் தொடங்கிவிட்ட ஊரில், அவர்கள் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவருக்கு வாட்ச்மேன்தான் வேலைவாய்ப்பு அலுவலகம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் 53.7 சதவீதம். மீதிப் பேருக்கு வேலை தேடும் இணையதளம் என்பது பூட்டிய கதவாக இருந்தது.

அந்தக் கதவை ஒருவர் தட்டினார்.

*

2005 ஜனவரி. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா தொடங்கப்பட்டது. அங்கே கென்டாரோ டொயாமா தலைமையில் ஒரு சிறு குழு, கணினி எட்டாத மக்களுக்கு அதனால் என்ன பயன் என்று ஆராயப் புறப்பட்டது. அந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தார் இந்திராணி மேதி. முதலில் கட்டடக் கலை, பிறகு சிகாகோவில் வடிவமைப்பு படித்தவர்.

அவர் முதலில் திறந்தது மடிக்கணினியை அல்ல. வீட்டுவேலைப் பெண்களிடையே பல ஆண்டுகளாகப் பணியாற்றிவந்த ‘ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதி’ என்ற அமைப்பின் துணையோடு, நகரின் மூன்று குடிசைப் பகுதிகளுக்குப் போய் உட்கார்ந்தார். உங்களுக்குக் கணினியால் என்ன ஆக வேண்டும் என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. அதிலிருந்துதான் வேலை தேடும் செயலி ஒன்றும், ஊருக்குள் வழி காட்டும் வரைபடம் ஒன்றும் உருவாயின. நிபந்தனை ஒன்றே ஒன்று: இதற்குமுன் கணினியைத் தொட்டே பார்க்காத, எழுத்தறியாத ஒருவர், பக்கத்தில் யார் துணையும் இல்லாமல் தானாகவே இயக்க வேண்டும்.

எழுத்து போயிற்று. எண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பஸ் நம்பரையும் ரூபாய் நோட்டையும் தினம் கையாளுபவர்களுக்கு எண் பழக்கமானதுதானே! மற்ற இடமெல்லாம் படம்.

எந்த வேலை என்று காட்ட ஒரு படம் வரைந்தாயிற்று. தொட்டி, அதற்குமேல் குழாய், உள்ளே பாத்திரங்கள். பாத்திரம் தேய்க்கும் வேலை. பச்சைக் குழந்தைக்கும் புரியுமே!

படத்தைப் பார்த்த பெண்கள் சொன்ன பதில் வேறு. அது சமையலறை.

*

அவர்கள் சொன்னதில் பிழை என்ன? தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. அது சமையலறைதான். அசையாமல் நிற்கும் பொருள்களைப் பார்த்தால் கண் இடத்தைத்தான் சொல்லும், செயலைச் சொல்லாது. படித்தவர்களாகிய நாம் அந்தப் படத்தில் ‘தேய்ப்பது’ என்ற வினையைப் பார்க்கிறோம் என்றால், பாடப் புத்தகமும் விளம்பரப் பலகையும் படக்கதையும் சிறுவயது முதல் நமக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்று பொருள். அந்தப் பயிற்சி கிடைக்காதவர், இருப்பதை இருக்கிறபடி சொன்னார்.

தேர்தல் சின்னம் வென்ற ரகசியமும் இப்போது விளங்குகிறது. உதயசூரியன் எதையும் செய்ய வேண்டியதில்லை, யாருடையது என்று அடையாளம் காட்டினால் போதும். அது பெயர்ச்சொல். கணினித் திரைக்குத் தேவைப்படுவதோ வினைச்சொல்: தேடு, துவை, பெருக்கு, அடுத்த பக்கம் போ. பெயர்ச்சொல்லை வரைவது சுலபம். வினைச்சொல்லை எப்படி வரைவது?

குழாயைத் திறந்துவிட்டார்கள்! படத்தில் தண்ணீர் கொட்டியது. கெட்டிலிலிருந்து ஆவி கிளம்பியது. அவ்வளவுதான், சமையலறை ‘பாத்திரம் தேய்ப்பது’ ஆயிற்று, அடுப்பு ‘சமைப்பது’ ஆயிற்று. நான்கைந்து கோடுகள் செய்த வேலை அது.

எப்படிப்பட்ட படம் என்பதிலும் சிக்கல் இருந்தது. பாதிக் கார்ட்டூனாக, தேவையான விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தவைதான் எடுபட்டன. மவுஸ் அம்பைப் படத்தின்மேல் கொண்டுபோனால் ஒரு குரல் அது என்னவென்று சொன்னது. எந்தப் பக்கத்தில் திகைத்து நின்றாலும் உதவிக்கு ஒரு பொத்தான், அதே இடத்தில், அதே உருவத்தில்.

படங்களில் ஒளிந்திருந்த ஊர் வாசனையும் கவனிக்க வேண்டியதாயிற்று. நம் திரைகளில் வரும் சின்னங்கள் பலவற்றுக்கு அமெரிக்க அலுவலகம்தான் பிறந்த வீடு. 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ கணினியில் தாள், கோப்புறை, கோப்பு அலமாரி, தபால் தட்டு என்று ஒரு குமாஸ்தாவின் மேசையையே திரையில் விரித்தது. மேசை முன் உட்கார்ந்து பிழைத்தவருக்கு அது வரப்பிரசாதம். அந்த மேசையைத் துடைக்க மட்டுமே நெருங்கியவருக்கு அதில் என்ன இருக்கிறது? போனில் ‘முகப்பு’ என்று காட்டும் சரிந்த கூரை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்தவருக்கு அது தாத்தா காலத்து பங்களா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கு அது ஊரில் விட்டுவந்த குடிசை. வேலைக்குப் போக வேண்டிய இடமோ, தட்டைக் கூரை போட்ட நாலு மாடிக் கட்டடம். கூரையின் சாய்வில்கூட ஒரு வர்க்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

படம் எல்லோருக்கும் பொது என்பது படித்தவர்களின் நம்பிக்கை. படத்தையும் யாரோ ஒருவர் ஒரு மொழியில்தான் வரைகிறார். அந்த மொழி பார்ப்பவருக்குத் தெரியுமா என்று கேட்டறிய, பார்ப்பவர் பக்கத்தில் போய் உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு வழியாகத் திரை தயார். எழுத்து நிறைந்த திரையையும் இந்தப் படத் திரையையும் வைத்துச் சோதித்தபோது, சந்தேகத்துக்கு இடமின்றி வென்றது படத் திரை. 2006-ல் ஆய்வுக் கட்டுரை அமெரிக்காவின் பெர்க்லி மாநாட்டுக்குப் போனது. கதை சுபம் என்று நினைத்திருப்பீர்கள்.

இல்லை. பெண்களுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. எந்தப் படம் எது, எதை அழுத்தினால் என்ன வரும், எல்லாமே. ஆனாலும் கை தயங்கியது.

*

புரிந்த பிறகும் ஏன் தயக்கம்? இந்திராணி மேதியும் டொயாமாவும் துருவியபோது மூன்று தடைகள் வெளிப்பட்டன. மூன்றிலும் எழுத்துக்குச் சம்பந்தம் இல்லை.

முதலாவது, இந்தப் பெட்டியால் தனக்கு என்ன கிடைக்கும் என்றே தெரியவில்லை. இரண்டாவது, பயமும் அவநம்பிக்கையும். மூன்றாவதுதான் ஆழமானது: தன்னைப் பற்றிய, தன் வேலையைப் பற்றிய செய்தி இந்தப் பெட்டிக்குள் எப்படிப் போயிற்று?

யோசித்துப் பாருங்கள். குழாயடியில் செய்தி சொல்பவளுக்கு முகம் இருக்கிறது. அவள் அந்த வீட்டுக்குப் போய்வருபவள், அதனால் அவளுக்குத் தெரியும். சம்பள விஷயத்தில் பொய் சொல்லியிருந்தால் நாளைக்கு அதே குழாயடியில் சண்டை பிடிக்கலாம். திரையில் தெரியும் வீட்டுக்கு யார் சாட்சி? மூணாவது மாடி அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று இதற்கு யார் சொன்னார்கள்? சொன்னவர் வாயைப் பார்க்காமல் செய்தியை நம்பச் சொன்னால், விவரம் தெரிந்த எந்த மனுஷியும் யோசிக்கத்தான் செய்வாள். அதை அறியாமை என்பது தவறு. பிழைப்பு கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அது.

இதற்கு இன்னொரு பொத்தான் விடையாகாது. அவர்கள் எடுத்த வழி சினிமா! ஆம், ஒரு குறும்படம். எதை அழுத்த வேண்டும் என்று கற்பிப்பதோடு நிற்காமல், முழுக் கதையையும் நடித்துக் காட்டினார்கள். வேலைக்கு ஆள் தேவை என்ற தகவல் எப்படிக் கணினிக்குள் வந்து சேர்கிறது, வேலை தேடுபவர் அதை எப்படிக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்கிறார் என்பது நாடகமாக ஓடியது. படம் பார்த்தவர்கள் செயலியை இயக்கிய விதம், பார்க்காதவர்களைவிட வெகுவாகத் தேறியிருந்தது. 2007 டிசம்பரில் பெங்களூரிலேயே நடந்த சர்வதேச மாநாட்டில் இது முன்வைக்கப்பட்டது.

திரையில் ஒரு கோடுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது, திரைக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தெளிவு. இன்று ஒரு செயலி சிக்கலாக இருந்தால் நிறத்தை மாற்று, பொத்தானைப் பெரிதாக்கு என்று ஓடுகிறோம். ‘இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, நான் கொடுப்பது யாரிடம் போகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் திரைகள் எத்தனை? அந்தக் கேள்வியை அன்றே கேட்டவர்கள் பெங்களூரின் வீட்டுவேலைப் பெண்கள்.

*

குறும்படத்தின் வெற்றி ஒருபுறம் இருக்க, அதே 2007-ல் அதே குழு இன்னொரு பந்தயத்தையும் நடத்தி முடித்திருந்தது. இம்முறை விஷயம் வேலையல்ல, நோய். உடம்புக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுத்து, கையால் வரைந்த படம், புகைப்படம், அசையும் கார்ட்டூன், வீடியோ என்று ஐந்து வழி. ஒவ்வொன்றும் குரலோடு ஒருமுறை, குரல் இல்லாமல் ஒருமுறை. ஆக பத்து. பார்த்துச் சொல்ல எழுத்தறியாத 200 பேர்.

தண்ணீர் ஓடியதால்தான் குழாய் புரிந்தது என்று இப்போதுதானே பார்த்தோம்? அப்படியானால் அசைகிற, பேசுகிற வீடியோதான் முதலிடம் பிடிக்கும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டுவார்கள்.

கட்டியிருந்தால் கைக்காசு போயிருக்கும். உதவிக்கு வந்த குரலே சிலரைக் குழப்பியது. எப்படி?

(தொடரும்)