குடியியற் பாடமும் குடியுரிமையும்
ஊவாத் தோட்டப் பாடசாலைகளைக் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் கூடி வாழும் முறையையும் அவ்வாழ்வை ஆளும் சட்டங்களையும் மாணவர்க்கு உணர்த்துவதே சமூகக் கல்வியின் நோக்கமாகும். முன்னர் வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்தனியே கற்பிக்கப்பட்டவை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் சமூகக் கல்வி என ஒன்றாக்கப்பட்டன. பிற்காலத்தில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பெயர் எவ்வாறு மாறினும், கற்கும் பிள்ளையின் சமூகம் அப்பாடத்துள் இடம்பெறுகின்றதா என்னும் வினா மாறவில்லை. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா, 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை மலைகளிலே தேயிலை பரந்தது. கங்காணிமார் தமிழகத்தினின்றும் திரட்டி வந்த மக்கள் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். தொழிலாளியின் கடனைக் குறித்து அவனைப் பிணித்துவைத்த ‘துண்டு’ முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1924இற் புகையிரதம் பதுளையை அடைந்தது. தேயிலை விரைந்து கொழும்பு சென்றது. கல்வியோ அவ்வேகத்தில் மலையேறவில்லை.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. ஓரறையும் ஓராசிரியருமே பல தோட்டங்களிற் பாடசாலை எனப்பட்டன. அவ்வறையைக் கடந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் காத்திருந்தது இடைநிலைக் கல்வியன்று, கொழுந்துக் கூடையே. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் லயங்களை எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பரவலாகப் பொறுப்பேற்றது.

இனி, குடியியலுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பதுளை உட்பட ஏழு இடங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. குடிமகனின் உரிமைகள் இவை, கடமைகள் இவை எனக் கரும்பலகையில் எழுதப்பட்டவற்றைப் பார்த்தெழுதிய பிள்ளையின் தந்தைக்கு வாக்குச் சீட்டில்லை. எழுதிய ஆசிரியருக்கும் அஃது இல்லாதிருக்கலாம். தமக்கில்லாத உரிமையை வரப்பண்ணிப் புள்ளி பெறும் நிலையைவிடக் கல்விக்கு நேரும் இடர் வேறுண்டோ?

1964 அக்டோபர் 30இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. ஒரே வாங்கிலிருந்து படித்தோருள் ஒருவர் தலைமன்னாரிற் கப்பலேற, மற்றவர் மலையிலேயே நின்றார். எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பெரிதும் தீர்த்தது. 1948இற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து!

இவற்றை வகுப்பறையிற் பேசுதல் இளம் உள்ளங்களிற் கசப்பை விதைக்கும் என்பாருமுளர். அவர் கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், வீட்டிலே பாட்டி கூறும் கதைக்கும் பாடநூலுக்கும் தொடர்பில்லையெனக் காணும் மாணவன், நூலையே ஐயுறுவான். உண்மையை ஆண்டோடும் காரணத்தோடும் அமைதியாகக் கற்பிப்பதே கசப்பைத் தெளிவாக மாற்றும் வழியாம்.

2014 அக்டோபர் 29இற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில், முன்னரே அபாயமுள்ளதென எச்சரிக்கப்பட்டிருந்த மலைச்சரிவு சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணின் இயல்பு புவியியல். லயம் அங்கே அமைந்த விதம் வரலாறு. எச்சரிக்கைக்குப் பின்னும் மக்கள் அங்கேயே இருக்க நேர்ந்தமை குடியியல். மூன்றும் சேர்ந்ததன்றோ சமூகக் கல்வி!

ஆதலின், மாணவர்காள், உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பிறப்புச் சான்றிதழையும் பிரசாவுரிமைப் பத்திரத்தையும் எடுத்து நோக்குமின். அவற்றிற்குரிய ஆண்டுகளை முதியோரிடம் வினவிக் குறித்துவைம்மின். ஆசிரியர்காள், அக்குறிப்புகளுக்கு வகுப்பிலே இடமளிமின். ஊவாவின் சமூகக் கல்வி அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.