நாகதாளியும் டார்ம்ஸ்டட் நகரத்து மனிதரும்

ஜேர்மனியில் மே மாதம் 15ஆம் திகதியைக் 'குளிர் சோஃபி' என்பார்கள். அன்றோடு இரவு உறைபனி விலகிவிடும் என்பது இங்குள்ள வயோதிபர்களின் கணக்கு. அதன் பின்னர்தான் கள்ளிச் சட்டிகள் யன்னலோரத்திலிருந்து பல்கணிக்கு வருகின்றன. கோடை முழுவதும் வெயில், தண்ணீர், கொஞ்சம் உரம். ஒக்டோபரில் மறுபடியும் உள்ளே. மாரியில் 5 முதல் 10 பாகைக் குளிரில், தண்ணீர் விடாமல் காயப் போடவேண்டும். அப்படிக் காயாவிட்டால் பல இனங்கள் அடுத்த வருடம் பூப்பதில்லை. பிரித்தானியாவிலோ சட்டியின் அளவுவாரியாகப் பிரிவு வகுத்துப் போட்டி வைத்து, நடுவர்கள் பரிசும் கொடுக்கிறார்கள்.

வேலியோரத்திலும் உவர்நிலத்திலும் கள்ளியைக் கண்டு வளர்ந்த எமக்கு இது முதலில் வேடிக்கையாகவே இருந்தது. உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவிய கையோடு, முதலாளி வீட்டுக் கள்ளிக்குத் தண்ணீர் விடவேண்டியவர்களும் எம்மில் உண்டு.

ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு வயது அதிகம். எர்ஃபுர்ட் நகரில் ஹாகே குடும்பத்தின் கள்ளிப் பண்ணை 1822இல் தொடங்கியது. கார்ல் ஸ்பிட்ஸ்வெக் என்ற ஓவியர் 1850 அளவில் கள்ளிப் பிரியர் ஒருவரைக் கேலியும் பரிவுமாக வரைந்தார். 1892இல் பேர்லினில் கள்ளி நண்பர்களின் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் கார்ல் சூமான் என்ற தாவரவியலாளர். நிலக்கரி எரித்துக் கண்ணாடி வீட்டைச் சூடாக்க வசதியுள்ளவர்களின் ஆசை, பின்னாளில் தொழிலாளியின் யன்னலுக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் இந்தச் செடி எமது கரைக்கு வந்த கதையில் இவ்வளவு பரிவு இல்லை. மெக்சிக்கோவில் கள்ளியை உண்டு வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியைக் காயவைத்தால் செந்நிறச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதைப் பறிக்க ஆசைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனிக்காக, ஜேம்ஸ் அண்டர்சன் என்ற வைத்தியர் 1780களின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிறேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்ததோ மட்டமான வேறு பூச்சி. சாயமும் சரிவரவில்லை. பூச்சி மட்டும் தன் வேலையைச் செய்து கள்ளியை அழித்தது. 1836 அளவில் தென்னிந்தியாவிலும், 1860களில் இலங்கையிலும் அதே பூச்சியை, இம்முறை கள்ளியை ஒழிக்கவென்றே விட்டார்கள்.

நாகதாளி வேறு இனம். அதற்கு அந்தப் பூச்சி பலிக்கவில்லை. 1920களில் வேறொரு கொச்சினீலை அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1926இல் அது இங்கிருந்து, மன்னிக்கவும், அங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. பெரும் பரப்பில் நாகதாளி கருகியது.

இந்த நாகதாளியின் தாவரவியற் பெயர் ஒபுன்ஷியா டில்லெனியை. டில்லெனியஸ் 1684இல் டார்ம்ஸ்டட்டில் பிறந்தவர். 1721இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து, ஒக்ஸ்ஃபோர்ட்டில் பேராசிரியராகி, 1747இல் அங்கேயே இறந்தார். ஊரில் எமது காலில் குத்திய முள் ஒரு ஜேர்மன்காரரின் பெயரோடு இருந்ததை, இங்கு வந்துதான் அறிந்தோம்.

எமது சொந்தக் கள்ளி எது என்றால் சதுரக்கள்ளி. உடைத்தால் பால் வடியும், நாகதாளியில் வடியாது. லின்னேயஸ் 1753இலேயே இரண்டையும் வேறு பேரினமாய்ப் பிரித்தெழுதிவிட்டார். தமிழில் நாம் வந்ததையும் இருந்ததையும் ஒரே பெயரால் கூப்பிட்டுக்கொண்டோம். அதில் எமக்கு வருத்தமில்லை.

1975இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் போக, கள்ளிகள் எல்லை கடப்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கடதாசி இல்லாதது சுங்கத்தில் பறிமுதலாகும். பறிமுதலானவற்றைத் தாவரவியற் பூங்காக்களில் ஒப்படைத்துப் பராமரிக்கும் வழக்கமும் உண்டு. தடுப்பு முகாமில் ஆறு மாதம் இருந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, அங்கே தண்ணீர் யார் விடுகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

சதைப்பற்றுத் தாவரம் என்ற வகையில் பிரண்டையையும் இங்கு சட்டியில் வளர்க்கிறார்கள். துவையல் அரைக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.