மன்னர் வீட்டுச் செய்முறையும் பெயரில்லா உழைப்பும்: 1927-ஆம் ஆண்டின் பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் தலைமை இடம் பெறும் பலகாரம் புட்டிங் ஆகும். 1927-ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைச் சமையற்காரர் வழங்கிய புட்டிங் செய்முறையை நாடெங்கும் பரப்பியது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது விளைந்த நாட்டின் பெயரைக் குறித்தது அச்செய்முறையின் தனித்தன்மை. நாடுகளைப் பெயரிட்ட அந்த ஆவணம் அப்பொருள்களை விளைவித்த உழைப்பாளரைப் பெயரிடாமல் விட்டதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சர்க்கரை, கறுவா ஆகிய இரு பொருள்களின் வழி, அம்மௌனத்தில் தமிழர் வரலாறு எங்கே இடம்பெறுகிறது, எங்கே இடம்பெறவில்லை என்பதும் வரையறுக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கிறிஸ்துமஸ் புட்டிங், பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம், டெமராரா சர்க்கரை, கறுவா, ஒப்பந்தக் கூலிமுறை, சுதேசியம்

முன்னுரை

சமையற்குறிப்பு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதா என்னும் வினாவுக்கு இன்று விளக்கம் தேவையில்லை. அடுத்து எழும் வினா, அதனை எவ்வாறு வாசிப்பது என்பதாகும். குறிப்பில் உள்ளவற்றைத் தொகுத்தால் உணவு வரலாறு கிடைக்கும். குறிப்பில் இல்லாதவற்றையும் சேர்த்து வாசித்தால் அந்த உணவை இயலச்செய்த சமூகத்தின் வரலாறு கிடைக்கும். இவ்விரண்டாவது வாசிப்புக்கு 1927-ஆம் ஆண்டின் பேரரசுப் புட்டிங் தக்கதொரு சான்று. பண்டிகைப் பலகாரத்தின் பெயரால் வெளியிடப்பட்ட அது வணிகப் பரப்புரை ஆவணமாகவும் அமைந்தது.

புட்டிங்கின் முன்வரலாறு

இப்பலகாரத்தின் மூதாதை இனிப்புப் பண்டமன்று. இறைச்சி, தானியம், உலர்கனி, நறுமணப்பொருள் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய இடைக்காலக் கஞ்சியே அது. 17-ஆம் நூற்றாண்டில் விலங்கின் குடலுக்கு மாற்றாகத் துணியில் பொதிந்து வேகவைக்கும் வழக்கம் பரவியது. அதன்பின் மாவு, மாட்டுக்கொழுப்பு, உலர்திராட்சை ஆகியன சேர்ந்த உருண்டை வடிவப் புட்டிங் நிலைபெற்றது. ‘பிளம்’ என்னும் அடைமொழி அக்காலத்தில் உலர்திராட்சையையே சுட்டியது.

இப்பண்டிகையும் அதன் உணவும் அரசியலுக்கு உட்பட்டமை புதிதன்று. தூய்மைவாதிகள் ஓங்கியிருந்த நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸ் திருநாளை நீக்கி ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று காண்டர்பரி நகரில் மூண்ட கலகம் ‘பிளம் புட்டிங் கலகம்’ என்றே பின்னர் வழங்கப்பட்டது. 1660-இல் முடியாட்சி மீண்டபோது பண்டிகையும் மீண்டது.

இன்று அறியப்படும் குடும்ப விருந்து வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் ஆக்கம். 1843 டிசம்பரில் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ ஏழைக் குடும்பமொன்றின் விருந்தில் புட்டிங்கை உச்சக்காட்சியாக வைத்தது. 1845-இல் எலிசா ஆக்டன் தம் சமையல் நூலில் ‘கிறிஸ்துமஸ் புட்டிங்’ என்னும் பெயரிலேயே செய்முறை தந்தார். திருவருகைக் காலத்திற்கு முந்தைய ஞாயிறு ‘கிளறும் ஞாயிறு’ எனப்பட்டது. அன்றைய ஆங்கிலிக்க மன்றாட்டின் தொடக்கச் சொல்லே இப்பெயருக்குக் காரணம். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒருமுறை மாவைக் கிளறுவர். சிறு வெள்ளி நாணயத்தை உள்ளே இடுவர். பலமணி நேரம் வேகவைத்த புட்டிங்கைப் பண்டிகை வரை பதப்பட வைத்திருப்பர். 1874-இல் சர்க்கரை மீதான சுங்கவரி நீங்கியபின், இப்பலகாரத்தின் இன்றியமையாப் பொருள்களுள் ஒன்று எளியோர் கைக்கு மேலும் எட்டியது.

பேரரசுப் புட்டிங்கின் தோற்றம்

‘ஆங்கிலேயத் தேசியப் பலகாரம்’ எனப் போற்றப்பட்ட இப்பண்டத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தில் விளையாதது. ‘கரண்ட்’ எனப்படும் சிறு உலர்திராட்சையின் பெயரே கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரிலிருந்து பிறந்தது. நெடுங்காலம் அது கிரேக்கத்திலிருந்தே வந்தது. சுல்தானா வகை சிமிர்னாத் துறைமுகத்தின் வழி வந்தது. முதல் உலகப் போருக்குப்பின் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றுப் பாசனப் பகுதியில் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் திராட்சைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். விளைச்சல் பெருகியது, சந்தை போதவில்லை. ஆகவே, கிறிஸ்துமஸ் புட்டிங்கில் கிரேக்கத் திராட்சைக்கு மாற்றாகப் பேரரசுத் திராட்சையை இடுக என்னும் வேண்டுகோள் 1920-களில் எழுந்தது.

1926-இல் நிறுவப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம் இவ்வேண்டுகோளை அரசுப் பணியாக்கியது. குடியேற்றப் பொருள்களுக்கு வரிச்சலுகை தருவது அரசியலில் கடினமாயிருந்த சூழலில், பரப்புரையின் மூலம் நுகர்வோர் மனத்தை மாற்றுவதே வாரியத்தின் நோக்கம். லியோ அமெரி அதன் தலைவர். ஸ்டீபன் டாலன்ட்ஸ் அதன் செயலர். 1927-இன் இறுதியில், அரச குடும்பத்தின் இசைவுடன், அரண்மனைச் சமையற்காரர் ஆந்திரே செடார் அளித்த செய்முறை இதழ்களில் வெளியாயிற்று. 

அதில் 17 பொருள்கள் இடம்பெற்றன. கரண்டுக்கு எதிரே ஆஸ்திரேலியா, விதை நீக்கிய திராட்சைக்கு எதிரே தென்னாப்பிரிக்கா, கிராம்புக்கு எதிரே சான்சிபார், ரம்முக்கு எதிரே ஜமைக்கா, கறுவாவுக்கு எதிரே இந்தியா அல்லது இலங்கை என நாட்டுப்பெயர்கள் நிரல்பட அமைந்தன. 1930-இல் வாரியத்திற்காக வால்டர் கிரெய்டன் இயக்கிய ‘ஒரே குடும்பம்’ என்னும் திரைப்படமும், மன்னரின் புட்டிங்கிற்குப் பொருள் திரட்டச் சிறுவனொருவன் பேரரசு நாடுகளுக்குச் செல்வதாகவே கதையமைத்தது.

இங்கு நிகழ்ந்த கருத்தியல் மாற்றம் நுண்மையானது. குடும்பத்தார் கூடிக் கிளறும் பாத்திரம் பேரரசின் உருவகமாயிற்று. கடைக்குச் செல்லும் இல்லத்தரசி பேரரசுக் கடமை ஆற்றுபவராகச் சித்திரிக்கப்பட்டார். 21 வயது நிறைந்த பெண்கள் அனைவருக்கும் பிரித்தானியாவில் வாக்குரிமை கிடைத்தது 1928-இல்தான். வாக்குச்சீட்டு முழுமையாகக் கைக்கு வருமுன்னரே அவர்களுடைய கொள்முதல் பட்டியல் அரசியல் ஆவணமாக்கப்பட்டது.

பட்டியல் சொல்லாதவை: சர்க்கரையும் கறுவாவும்

செய்முறையில் குறிக்கப்பட்ட டெமராரா சர்க்கரை, பிரித்தானியக் கயானாவின் ஆற்றுப்பகுதி ஒன்றின் பெயரைத் தாங்கியது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. விடுபட்டோரைப் பிணைத்திருந்த பயிற்சிக்கால முறை 1838-இல் முடிந்தது. அதே ஆண்டில் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல்கள் அங்கே சேர்ந்தன. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் அந்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் கல்கத்தா வழிச் சென்ற வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியாகவும் 1845 முதல் தமிழரும் தெலுங்கரும் அனுப்பப்பட்டனர். ‘மதராசிகள்’ எனப்பட்ட அவர்தம் வழித்தோன்றல்கள் பேணிவரும் காளியம்மன் வழிபாடு இன்றும் கயானாவில் அத்தொடர்பைக் காட்டிநிற்கிறது.

புதிய ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917-இல் நின்றுவிட்டதால், 1927-இன் சர்க்கரையை ஒப்பந்தக் கூலியின் விளைச்சல் என நேராகச் சொல்வது பொருந்தாது. அது முன்னாள் ஒப்பந்தக் கூலிகளும் அவர்தம் மக்களும், ஆப்பிரிக்க வழியினரும் உழைத்த தோட்டங்களின் விளைச்சல். அவ்வுழைப்பும் அமைதியானதன்று. 1924 ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு ஜார்ஜ்டவுன் நகரை நோக்கி வந்த தோட்டத் தொழிலாளர்மீது ரைம்வெல்ட் என்னுமிடத்தில் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டு உயிரிழப்பு நேர்ந்தது. மூன்றே ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த செய்முறை, அந்நாட்டின் சர்க்கரையை ஒரே குடும்பத்தின் நன்கொடைபோல் வரிசைப்படுத்தியது.

கறுவாவின் கதை வேறு. தமிழகத்தில் இலவங்கப்பட்டை என்றும் ஈழத்தில் கறுவா என்றும் வழங்கும் இப்பொருளுக்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் போரிட்டனர். 1769-இல் ஒல்லாந்தர் கொழும்பில் கறுவாவைத் தோட்டப்பயிராக்கினர். ‘கறுவாத்தோட்டம்’ என்னும் இடப்பெயர் அதன் எச்சம். கறுவா உரிக்கும் பணி சலாகம என்னும் சிங்களச் சாதியாரின் கட்டாயச் சேவையாக இருந்தது. இவர்கள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற நெசவாளர் வழியினர் என்னும் மரபு உண்டு. எனினும், இலங்கை என்றவுடன் மலையகத் தமிழரின் உழைப்பை நினைவுகூர்வது இங்குத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அவர்களது உழைப்பு காப்பியிலும் தேயிலையிலும் இரப்பரிலும் பெரிதும் அமைந்தது. சான்று இடங்கொடுக்கும் அளவுக்கே தமிழர் தொடர்பைக் கூறுதல் ஆய்வறம்.

பேரரசுப் பொருளும் சுதேசியமும்

‘பேரரசுப் பொருளையே வாங்குக’ என்னும் முழக்கத்தை இந்தியச் சூழலில் வைத்துப் பார்க்கையில் அதன் முரண் தெளிவாகிறது. வங்கப் பிரிவினையை ஒட்டி 1905-இல் வலுப்பெற்ற சுதேசி இயக்கமும், 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனமும், கொள்முதலை அரசியற் செயலாக முன்பே மாற்றியிருந்தன. வாரியம் கையிலெடுத்தது அதே கருவியை, நோக்கம் நேர்மாறானது.

காலப்பொருத்தமும் கருதத்தக்கது. 1927 நவம்பரில் இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் ஆணையம் அறிவிக்கப்பட்டது. அதே நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டும் பொருட்டுக் கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை பயணம் செய்தார். டிசம்பர் இறுதியில் சென்னையில் எம்.ஏ.அன்சாரி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஆணையத்தைப் புறக்கணிக்கவும் முழு விடுதலையை இலக்காக அறிவிக்கவும் தீர்மானித்தது. இங்கிலாந்தின் அடுக்களைகளில் பேரரசு ஒரே குடும்பமெனக் கிளறப்பட்ட நாள்களில், அக்குடும்பத்தின் பெரிய உறுப்பு பிரிந்து செல்லும் முடிவை எழுதிக்கொண்டிருந்தது.

மறுதிசைப் பயணம்

செய்முறைகள் ஆட்சித் தலைநகரிலிருந்து மட்டும் புறப்படுவதில்லை. மாம்பள்ளிக் குடும்பத்தார் வழங்கிவரும் மரபுப்படி, 1883-இல் அஞ்சரக்கண்டிக் கறுவாத் தோட்ட உரிமையாளர் மர்டாக் பிரவுன் தலைச்சேரியின் மாம்பள்ளி பாப்புவிடம் கிறிஸ்துமஸ் கேக் ஒன்றை மாதிரியாகத் தந்தார். பாப்பு உள்ளூர் மதுவும் நறுமணப்பொருளும் சேர்த்துத் தம் வழியில் அதனைச் செய்தளித்தார். இலங்கைக் கிறிஸ்துமஸ் கேக்கிலும் கோதுமை மாவின் இடத்தை ரவையும், வாதுமையின் இடத்தை முந்திரிப்பருப்பும் கொண்டன; பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் பன்னீரும் சேர்ந்தன. வாரியத்தின் பட்டியல் பொருள்களை மையத்தை நோக்கி இழுத்தது. இவ்வடுக்களைகளோ மையத்தின் பண்டத்தைத் தத்தம் மண்ணுக்கு இசைவித்தன. முன்னதில் ஆணையும் பின்னதில் கைத்திறனும் செயற்பட்டன.

முடிவுரை

1932-இன் ஒட்டாவா உடன்பாடுகள் பேரரசுப் பொருள்களுக்கு வரிச்சலுகை தந்தபின் வாரியத்தின் தேவை குறைந்தது; 1933-இல் அது கலைக்கப்பட்டது. எனினும், செய்முறையின் அமைப்புமுறை ஆய்வாளருக்குப் பாடமாக நிற்கிறது. பொருளுக்கு நாட்டுப்பெயர் இடுவது தெளிவுபோல் தோன்றும். உண்மையில் அது தோட்டத்திற்கும் கடைக்கும் இடையே நிற்கும் கூலி, கப்பல், துப்பாக்கி ஆகியவற்றை மறைக்கும் உத்தியாகவும் அமையும். இன்றும் உணவுப்பொருள்கள் விளைந்த இடத்தின் பெயராலேயே பெருமை பெறுகின்றன. அப்பெயரோடு விளைவித்தோரையும் சேர்த்து வினவுவதே 1927-ஆம் ஆண்டின் பட்டியலை வாசிப்பதால் பெறும் பயன். டெமராரா என்னும் ஒரு சொல்லுக்குள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியோரும் உள்ளனர். அவர்களைப் பட்டியலில் மீண்டும் எழுதுவது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.