வரலாற்றுத் திரைப்படத்தில் மொழிப்பன்மை: ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’

வரலாற்றுத் திரைப்படங்களில் எவ்வினத்தார்க்கு இடமளிக்கப்பட்டது என்னும் வினா பெரும்பாலும் நடிகரின் நிறத்தையும் பிறப்பையும் சார்ந்தே எழுப்பப்படுகிறது. எப்பாத்திரம் எம்மொழியைப் பேசுகிறது என்பதும் அவ்வினாவின் ஒரு கூறேயாகும். 1959இல் வெளிவந்த ‘பென்-ஹர்’ என்னும் உரோமப் பெருங்கதைப் படத்தில் உரோமராகப் பெரிதும் பிரிட்டானிய நடிகரும் யூதராகப் பெரிதும் அமெரிக்க நடிகரும் தோன்றினர். ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் உள்ள வேற்றுமை ஆங்கிலத்தின் இருவகை ஒலிப்புகளாகச் சுருங்கிற்று. அராபியத் தலைவராக முகத்தில் கருஞ்சாயம் பூசி நடித்த வேல்ஸ் நாட்டவர் ஹியூ கிரிஃபித்துக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. உரோமப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் ஆட்சிக்குக் கிரேக்கமும், யூதேய மக்களிடையே அரமேயமும் வழங்கிய நிலை படத்தில் புலப்படவில்லை.

அதே 1959இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில், சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் உரையாடலுடன் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசகம்பளத்தார் மரபினர். அம்மரபினர் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றனர். கட்டபொம்மன் தமிழ் அறியாதவர் என்பது இதன் பொருளன்று. அவர் குடிகளின் மொழி தமிழே, அவரைப் பாடிய கதைப்பாடல்களும் தமிழிலேயே எழுந்தன. இருமொழியாளராக வாழ்ந்த ஒருவர் திரையில் ஒருமொழியாளராக, அதுவும் எதுகை மோனை செறிந்த மேடைத் தமிழ் மட்டுமே பேசுபவராக ஆக்கப்பட்டார் என்பதே ஈண்டுச் சுட்டத்தக்கது. அத்தமிழின் ஆற்றலை மறுப்பார் இலர். சிவாஜி கணேசனின் குரலில் அது தமிழ்நாட்டுப் பள்ளி விழாக்கள்தோறும் மனப்பாடமாக ஒலித்தது.

இராமநாதபுரத்தில் 1798 செப்டம்பர் 10ஆம் நாள் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்த நிகழ்ச்சியே படத்தின் உச்சம். திரையில் இருவரும் நேருக்கு நேர் தமிழில் வாதிடுகின்றனர். ஜாக்சனாக நடித்த சி. ஆர். பார்த்திபன் ஆங்கில ஒலிச்சாயல் படிந்த தமிழ் பேசினார். பாளையக்காரர்களுக்கும் கும்பினியாருக்கும் இடையிலான பேச்சும் கடிதப் போக்குவரத்தும் துபாசிகளையும் எழுத்தர்களையும் சார்ந்தே நடைபெற்ற காலம் அது. மொழிபெயர்ப்பாளன் இடைநின்றால் சொல்லுக்குச் சொல் மறுமொழி பாயும் வேகம் தடைப்படும். ஆகவே அவன் நீக்கப்பட்டான். நாடக நோக்கில் இது பொருத்தமே. ஆயினும் காலனிய ஆட்சியின் தொடக்கத்தில் அரசியல் எவ்வளவு தூரம் மொழிபெயர்ப்பின் வழியே இயங்கிற்று என்னும் உண்மை அவனோடு சேர்ந்து மறைந்தது.

இம்மறைப்பு தற்செயலானது அன்று. மொழிவழி மாநிலங்கள் 1956 நவம்பர் 1இல் அமைந்தபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கிளர்ச்சிகளுக்குப் பின்னரும் கேரளத்துடனேயே இருந்தன. வடக்கே திருத்தணிக்கான போராட்டம் 1960வரை நீடித்தது. ஒரு மண்ணுக்கு ஒரு மொழி என்னும் எண்ணம் ஓங்கியிருந்த அச்சூழலில், வீட்டில் ஒன்றும் அரசவையில் ஒன்றுமாக இரு மொழி வழங்கிய தலைவனைத் திரையில் காட்ட இடமில்லை. கட்டபொம்மன் புகழை நாடெங்கும் பரப்பிய ம. பொ. சிவஞானமே வடவெல்லைப் போராட்டத்திற்கும் தலைமை தாங்கினார். தெலுங்கு மரபில் வந்த வீரனைத் தமிழ் வீரனாகப் போற்றியதில் அவருக்கு முரண் தோன்றவில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை. அவரது தமிழகம் அவ்வீரனுக்கு இடமளித்தது. அவனது வீட்டுமொழிக்குத் திரை இடமளிக்கவில்லை. இயக்குநர் பந்துலுவோ கோலார்ப் பகுதியில் பிறந்தவர். 1961இல் ‘கித்தூர் சென்னம்மா’வைக் கன்னடத்தில் எடுத்தவர். படப்பிடிப்புத் தளத்தில் நிலவிய பன்மொழிச் சூழல் படச்சுருளில் ஏறவில்லை.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பின்னர் இந்தியிலும் தெலுங்கிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டது. தெலுங்குப் பதிப்பில் கட்டபொம்மன் தம் முன்னோர் மொழியில் பேசினார். ஆனால் ஜாக்சனும் பாஞ்சாலங்குறிச்சிக் குடிகளும்கூட அதே தெலுங்கையே பேசினர்.