ஷெர்லாக் ஹோம்ஸும் அவரைப் பிரியாத வாசகர்களும்



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தமிழகத்திலிருந்து வரும் வார இதழ், கிராணி வீட்டில் படித்து முடிந்த பின் எங்கள் வீட்டுக்கு வரும். மாலையில் அதிலுள்ள தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். எழுத்தறியாத பெரியவர்கள் சுற்றிலும் அமர்ந்து கேட்பார்கள். அவர்களுள் ஒரு பாட்டி, "கதை முன்ன மாதிரி இல்லையப்பா, இழுத்துக்கிட்டே போறாங்க" என்று குறைபட்டுக்கொள்வார். ஆனால், மறுவாரம் முதல் ஆளாய் வந்து உட்காருபவரும் அவர்தான்.

சுவை குறைந்த பிறகும் ஒரு கதையை விடாமல் பின்தொடர்வது அறியாமையா, அல்லது அன்பா? இக்கேள்விக்கு விடை காண, ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் நடந்த ஒரு வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1859-இல் பிறந்தவர் ஆர்தர் கோனன் டாயில். தொழிலால் மருத்துவர். நோயாளிகள் அதிகம் வராததால் கிடைத்த ஓய்வு நேரத்தில் கதை எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளர் தோன்றும் முதல் நாவலை 1887-இல் வெளியிட்டார். அதன் உரிமை முழுவதையும் 25 பவுண்டுக்கு விற்றுவிட்டார் என்றால், அன்று அவர் நிலை எப்படி இருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1891 ஜனவரியில் லண்டனில் 'ஸ்டிராண்ட்' என்னும் திங்களிதழ் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தொடர்கதைகளுக்கு ஒரு குறை இருந்தது. ஓர் இதழ் தவறிவிட்டால் வாசகருக்குக் கதைத் தொடர்பு அறுந்துவிடும். டாயில் இதற்கு ஒரு வழி கண்டார். ஹோம்ஸும் அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனும் எல்லா மாதமும் வருவார்கள். ஆனால், ஒவ்வொரு மாதக் கதையும் அந்த மாதத்திலேயே முடிந்துவிடும். அவ்வாண்டு ஜூலையில் முதற்கதை வந்தது. சேற்றுக் கறையையும் சுருட்டுச் சாம்பலையும் கொண்டே ஒருவன் எங்கிருந்து வருகிறான், என்ன செய்தான் என்று ஹோம்ஸ் கூறுவதைப் படித்து மக்கள் வியந்தனர். இரயிலில் வேலைக்குப் போகும் எழுத்தர் முதல் பிரபுக்கள் வரை அனைவரும் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தனர்.

இந்த வெற்றியே டாயிலுக்குப் பாரமாயிற்று. வரலாற்று நாவல்களே தமக்கு நிலைத்த புகழைத் தரும் என்று அவர் நம்பினார். தொடங்கிய ஆண்டிலேயே ஹோம்ஸைக் கொன்றுவிடப் போவதாகத் தம் தாயாருக்கு எழுதினார். தாயார் தடுத்ததால் ஹோம்ஸ் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உயிர் வாழ்ந்தார். 1893 டிசம்பரில் வந்த கதையில், சுவிட்சர்லாந்திலுள்ள ரைகன்பாக் நீர்வீழ்ச்சியில் எதிரியோடு கட்டிப்புரண்டு ஹோம்ஸ் விழுந்துவிட்டதாக எழுதி முடித்தார். வாசகர்கள் கொதித்தெழுந்தனர். இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண்மணி டாயிலைக் கொடியவர் என்று ஏசியே கடிதம் எழுதினாராம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். ஓய்வு கொடுத்தால் பட்டை மீண்டும் வளரும். எழுத்தாளரின் மனமும் அப்படித்தான். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், 1901 ஆகஸ்டில் டாயில் ஒரு புதிய ஹோம்ஸ் நாவலைத் தொடங்கினார். ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்த கதையாக அதை அமைத்தார். பாஸ்கர்வில் குடும்பத்தை அச்சுறுத்தும் வேட்டைநாயின் கதை அது. நான்கு ஹோம்ஸ் நாவல்களுள் அதுவே சிறந்தது என்பது பலருடைய கருத்து. மக்களின் வற்புறுத்தலும் பதிப்பாளர்கள் தர முன்வந்த பெருந்தொகையும் சேர்ந்து, 1903-இல் ஹோம்ஸை உயிரோடு திரும்ப வரவழைத்தன. அவர் அருவியில் விழவே இல்லை என்று புதிய கதை சொல்லிற்று.

அதன் பிறகு வந்த கதைகள் எல்லாம் முன்போல் இருந்தனவா? இல்லை. கோர்ன்வால் கடற்கரையைச் சேர்ந்த படகோட்டி ஒருவர் தம்மிடம் சொன்னதை டாயிலே தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். மலையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் சாகாமல் தப்பியிருக்கலாம். ஆனால், அதன் பிறகு அவர் பழைய மனிதராக இல்லை என்பதே அந்தப் படகோட்டியின் தீர்ப்பு. டாயில் அதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அது அவருடைய பெருந்தன்மை.

தளர்ச்சி மிகுதியாகத் தெரிவது 1921 முதல் 1927 வரை வந்த கடைசிக் கதைகளில்தான். 1921-இல் வந்த ஒன்று, மேடை நாடகமாக எழுதியதைக் கதையாக மாற்றியது. ஏறக்குறைய முழுவதும் ஓர் அறைக்குள்ளேயே நடக்கிறது. 1923-இல் வந்த இன்னொன்றில், இளமையைத் திரும்பப் பெற விரும்பிய முதிய பேராசிரியர் குரங்கிலிருந்து எடுத்த மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டு சுவரேறித் திரிகிறார். சாம்பலைக் கண்டு உண்மையைச் சொன்ன ஹோம்ஸ் எங்கே, இந்தக் கதை எங்கே!

இதற்குக் காரணங்கள் உண்டு. முதல் உலகப் போரில் காயமுற்ற டாயிலின் மூத்த மகன் 1918-இல் காய்ச்சலில் இறந்தார். மறு ஆண்டு தம்பியும் மறைந்தார். முன்பே ஆவியுலக நம்பிக்கையில் நாட்டம் கொண்டிருந்த டாயில், அதிலேயே முற்றும் மூழ்கி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று சென்று சொற்பொழிவாற்றினார். அவர் உள்ளம் ஹோம்ஸிடம் இல்லை. காலமும் மாறியிருந்தது. எரிவாயு விளக்கும் குதிரை வண்டியும் இருந்த லண்டனில் பிறந்தவர் ஹோம்ஸ். இப்போது மோட்டார் வண்டிகள் ஓடின. அகதா கிறிஸ்டி போன்ற புதியவர்கள் துப்பறியும் கதை எழுத வந்துவிட்டனர். நாம் மறக்கக் கூடாத இன்னொரு காரணம், வாசகர்களே. பழைய சுவையையே மீண்டும் மீண்டும் கேட்டவர்கள் அவர்கள். களைத்தவரை எழுதத் தூண்டிவிட்டு, எழுத்தில் களைப்புத் தெரிகிறதே என்று வருந்தினர்.

இருந்தும் வாசகர்கள் ஹோம்ஸை விடவில்லை. 1891-இல் பதினைந்து வயதில் முதற்கதையைப் படித்தவருக்கு, 1927-இல் கடைசிக் கதை வந்தபோது வயது ஐம்பத்தொன்று. திருமணம், பிள்ளைகள், போர், இழப்பு எல்லாவற்றிலும் கூடவே வந்த நண்பர் ஹோம்ஸ். நண்பருக்கு வயதாகிவிட்டது என்பதற்காக வாசற்கதவைச் சாத்துவோமா?

ஆனால், அந்த அன்பு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1911-இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ரானல்ட் நாக்ஸ் என்னும் இளம் அறிஞர் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி நகைச்சுவையாக ஓர் ஆய்வுரை படித்தார். திரும்பி வந்த பின் நடந்தவையாகச் சொல்லப்படும் கதைகளெல்லாம் டாக்டர் வாட்சன் கற்பனையாகப் புனைந்தவையோ என்று அதில் ஆராய்ந்தார். குறையையும் விளையாட்டாக்கிக் கொள்ளும் அளவுக்கு அவருக்குக் கதைகள் மீது பற்று இருந்தது.

1927-இல் 'ஸ்டிராண்ட்' இதழ் ஒரு போட்டி நடத்தியது. டாயில் தம் கதைகளுள் சிறந்த 12-ஐத் தேர்ந்து வைத்திருந்தார். வாசகர்கள் அதை ஊகிக்க வேண்டும். கடைசித் தொகுதிக் கதைகள் அப்போது நூலாக வரவில்லையாதலால் போட்டியில் சேரவில்லை. டாயிலின் பட்டியலில் இருந்த 12-இல் 7 கதைகள், அருவிக் கதை உட்பட, 1893-க்குள் வந்தவை. மீதி 5 கதைகள் ஹோம்ஸ் திரும்பி வந்த பின் எழுதியவை. சிந்தித்துப் பாருங்கள். அருவியோடு ஹோம்ஸை மறந்துவிட்டவர் அந்த ஐந்தையும் இழந்திருப்பார். பாஸ்கர்வில் நாவலையும் இழந்திருப்பார். தளர்ந்த கையிலிருந்தும் அவ்வப்போது முத்துக்கள் விழத்தான் செய்தன.

அதே ஆண்டில் கடைசித் தொகுதியின் முன்னுரையில், காலம் கடந்தும் மேடையில் நின்று விடை பெற்றுக்கொண்டே இருக்கும் பாடகரைப் போல் ஹோம்ஸும் ஆகிவிடுவாரோ என்று அஞ்சி, டாயில் விடை கொடுத்தார். நாற்பது ஆண்டுகளில் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். 1930 ஜூலை 7-ஆம் நாள் அவர் காலமானார். ஆனால், வாசகர்கள் விடை கொடுக்கவில்லை. 1934-இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஹோம்ஸ் அன்பர்கள் சங்கம் அமைத்தனர். கதையில் ஹோம்ஸ் குடியிருந்த பேக்கர் வீதி 221பி என்னும் முகவரிக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவ்விடத்தில் 1932 முதல் அலுவலகம் வைத்திருந்த வீட்டுக்கடன் நிறுவனம், அவற்றுக்குப் பதில் எழுதவே ஒருவரை அமர்த்தியது.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பிடித்த எழுத்தாளர் தளர்ந்தால் உடனே உதறுவதும் சரியன்று. எல்லாம் பிரமாதம் என்று பொய் சொல்வதும் சரியன்று. அந்தப் படகோட்டியைப் போல், உடன் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துப் பாட்டியும் அதைத்தான் செய்தார். பள்ளி வாசலை மிதிக்காத அவர், கதை தளர்ந்ததை எங்கள் எல்லாருக்கும் முன்பே கண்டுகொண்டார். கண்ட பிறகும் பாயை விரித்து, "சரி, படிப்பா, இந்த வாரமாவது நல்லா இருக்கான்னு பார்ப்போம்" என்பார்.

சில வாரங்களில் நன்றாகவே இருந்தது.