எட்டுக் கேள்வியும் ஆம்பூர் பாசஞ்சரும்

காட்பாடியிலிருந்து ஆம்பூருக்கு 26 வருஷம் ரயிலில் போய்வந்தவன் நான். டேனரியில் கணக்கு எழுதும் வேலை. குடியாத்தம் தாண்டினால் கண் சொருகிவிடும். மேல்பட்டி, பச்சகுப்பம் எல்லாம் நான் பார்த்தேயிராத ஊர்கள். வாணியம்பாடியில் விழித்துக்கொண்டு எதிர்வண்டிக்குக் காத்திருந்த நாட்களும் உண்டு. வேலை அலுப்பு என்று சொல்லிக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தூக்கம் போகவில்லை. டாக்டரிடம் போனபோது ஒரு தாளை நீட்டினார். டிவி பார்க்கையில், மத்தியானம் படுக்கையில், ஒருவரோடு உட்கார்ந்து பேசுகையில் என்று எட்டு நிலைமைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகையில் என்றும் ஒரு கேள்வி. "எங்களுக்குக் கார் ஏது சார்?" என்றேன். "ரயில்னு வெச்சுக்குங்க" என்றார்.

நான் போட்டது 7. வீட்டம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "பேசும்போது தூக்கமே வராதுன்னு பூஜ்யம் போட்டிருக்கீங்களே! நேத்து சம்பந்தி பேசிக்கிட்டிருக்கும்போதே குறட்டை விட்டீங்க." அவள் கணக்கில் 16 வந்தது.

வீட்டுக்கு வந்து இந்தத் தாளின் கதையைத் தேடிப் படித்தேன். 1956இல் அமெரிக்காவில் பர்வெல் என்ற மருத்துவரும் மற்றவர்களும் ஒரு பருமனான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அந்த மனிதர் சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற சீட்டுகள் கையில் வந்தும், ஆடாமல் தூங்கிவிட்டாராம்! டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் ஜோ என்ற பையனை நினைத்து, 'பிக்விக்கியன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதுதான் பகல் தூக்கத்துக்குக் காரணம் என்பது 1965இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பதிவானது.

பகல் தூக்கத்தை அளக்க உடம்பில் ஒயர் ஒட்டி, ஆளை நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும். மெல்போர்னில் எப்வொர்த் மருத்துவமனையில் இருந்த மர்ரே ஜான்ஸ் சுலபமான வழி தேடினார். 1991இல் 180 பேரிடம் கேட்டுப் பார்த்து இந்த எட்டுக் கேள்வியை வெளியிட்டார். களைப்பாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. களைப்பு வேறு, கண்ணயர்வது வேறு. கெட்டிக்காரர்தான். ஆனால் பதில் சொல்பவன் தூங்குகிறவன் ஆயிற்றே! மூச்சு நின்று நின்று வருகிறவர்களிலேயே பலருக்கு மதிப்பெண் பத்துக்குள்தான் வருகிறது. 2008இல் டொரொன்டோவில் பிரான்சிஸ் சங் குழுவினர், அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக 'ஸ்டாப்-பேங்' என்று வேறொரு தாள் தயாரித்தார்கள். தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று அதில் ஒரு கேள்வி. என் விஷயத்தில் பார்த்தவள் இருந்தாள். நான்தான் கேட்கவில்லை.

ராத்திரிப் பரிசோதனையில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்பட்டது தெரிந்தது. இப்போது மூக்கில் கவசம் மாட்டித் தூங்குகிறேன். காற்றை அழுத்தி அனுப்பும் இந்த வழியைச் சிட்னியில் காலின் சல்லிவன் கண்டுபிடித்து 1981இல் வெளியிட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனோம். மேல்பட்டி பெயர்ப்பலகையை முதல் தடவையாகப் படித்தேன். அவளிடம் காட்டலாமென்று திரும்பினால், என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றுவிடுமோ என்று ராத்திரியெல்லாம் என்னைத் தட்டித் தட்டி எழுப்பியதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.